மாமா வந்திருக்காக

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். சாப்பாட்டு நேரம், தண்ணீர் வரும் நேரம், பெற்றோர் பார்க்க வரும் கிழமை, அதோடு விடுதியிலேயே குடியிருக்கும் பேராசிரியர் தம்பதியைப் பற்றி ஓர் அறிமுகம். தமிழ்த் துறையில் இருக்கிற பாவத்துக்கு வரவேற்புரை, வாழ்த்துமடல், இரங்கல் தீர்மானம் எல்லாம் என் தலையில்தான் விழும். இதுவும் விழுந்தது.

"நல்ல விதமா நாலு வரி எழுதுங்கம்மா. பெத்தவுக படிச்சா அவுகளுக்கு ஒரு நம்பிக்கை வரணும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். முனைவர் சீனிச்சாமி, தாவரவியல். திருமதி தேவயானி, கணிதம். சொந்தப் பிள்ளைகளைப் போல் மாணவிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இரவில் காய்ச்சல் என்றால் இவர்களே காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். எல்லாம் நிஜம்தான். ஆனால் இவ்வளவை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவர்களை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன், யார் அச்சடிக்கப் போகிறார்கள்.

பெண்கள் விடுதியில் ஆம்பளை எப்படிக் குடியிருக்கலாம் என்று முதலில் எல்லாரும் கேட்டார்கள், நான் உள்பட. உத்தமபாளையம் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில், ஊரை விட்டுத் தள்ளி நிற்கிற கட்டடம் அது. தனியாக இருந்த வார்டன் அம்மாவால் சமாளிக்க முடியவில்லை. குடும்பமாக யாராவது வந்து தங்கினால் பெற்றவர்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. கேட்டை ஒட்டிச் சமையலறையும் இரண்டு அறைகளும் கட்டிக் கொடுத்தார்கள். நிர்வாகம் கேட்ட பேராசிரியர்கள் எல்லாம் நழுவினார்கள். நானும் கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறதே சௌகரியம் என்று சொல்லிவிட்டேன். சீனிச்சாமியும் தேவயானியும்தான் வருகிறோம் என்றார்கள்.

அவர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. அனுமந்தன்பட்டியில் சொந்த வீடு, தோப்பு எல்லாம் உண்டு. ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்கிற வயசில் போய்விட்டது. அப்புறம் பிறக்கவில்லை. சொந்தத்துக்குள் கட்டினால் இப்படித்தான் என்று டாக்டர் சொன்னதை, ஊரில் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருத்தர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு திரும்பச் சொல்வார்கள். சீனிச்சாமி தேவயானியின் அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. அக்கா மகளைக் கட்டிக்கொண்டவர். விடுதிக்கு வந்தால் விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைக்கும். அதோடு விடுதி நிறையப் பெண் பிள்ளைகள்.

தேவயானிக்குப் பத்தொன்பது வயசில் கல்யாணம். அதற்குப் பிறகுதான் படிப்பே. மாமா கொண்டுபோய் பி.எஸ்ஸி.யில் சேர்த்தார், மாமா நோட்டு வாங்கித் தந்தார், மாமா சமைத்துப் போட்டு எம்.ஃபில். முடிக்க வைத்தார். நான் பார்த்த புருஷன்மார்களில் பெண்டாட்டி படிக்க வேண்டும் என்று வெங்காயம் உரித்தவர் சீனிச்சாமி ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் தண்ணீர் கூட மோந்து குடிக்க மாட்டார், அது வேறு கதை.

"மாமா, காபி ஆறுது பாருங்க." "மாமா, மோட்டார் போட்டீகளா?" "மாமா, இந்த ஸ்கூட்டர்ச் சாவி எங்கன?" இந்தக் குரல் தரைத்தளம் முழுக்கக் கேட்கும். கல்லூரி வராந்தாவில் நூறு பேர் நடுவிலும் அதே மாமாதான். பிள்ளைகள் மாடியிலிருந்து "மாமோய்!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்வார்கள். சீனிச்சாமி காது சிவந்து போய் வேப்பமரத்தைப் பார்ப்பார். நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். "இத்தனை பேர் நடுவுல மாமாவா? ஒரு நாளாச்சும் சார்னு கூப்பிட்டுப் பாரேன்டி."

"உங்களுக்குத்தான்க்கா சார். எனக்கு எதுக்கு சார்?" என்பாள்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கும். மாலையும் கழுத்துமாகச் சீனிச்சாமி நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தேவயானி தலையைக் குனிந்திருப்பாள். நாடி கழுத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்த தலை. முகம் பாதிதான் தெரியும். கீரை ஆயவும் கணக்குக் கேட்கவும் அந்த வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு வெட்கம் டீச்சர் உங்களுக்கு!" என்பார்கள். தேவயானிக்கு அதைக் கேட்க அத்தனை பிடிக்கும்.

அப்படி வருகிறவர்களில் ஒருத்தி பவானி. மூன்றாம் ஆண்டு, கணிதம். குச்சனூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா இல்லை. அம்மா பஞ்சம்மாள். பஞ்சம்மாளுக்குத் தம்பி சுருளிராஜன், அதாவது பவானிக்குத் தாய்மாமன். அவன்தான் இவர்கள் குடும்பத்தைத் தாங்கினவன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலையேறுகிற ஜீப் ஒன்று சொந்தமாக ஓட்டினான். விடுதியில் பவானிக்குப் பொறுப்பாளர் என்று அவன் போட்டோதான் கொடுத்திருந்தது. பார்க்க வருகிற கிழமைகளில் தவறாமல் வருவான். கையில் ஒரு கிலோ திராட்சையும் முறுக்குப் பொட்டலமும் இருக்கும். டீச்சருக்கு என்று தனியாக ஒரு பொட்டலம். பீடியைக் கேட்டுக்கு வெளியே அணைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பான். "டீச்சர் நல்லாருக்கீகளா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

"மாமான்னா இப்படில்ல இருக்கணும்" என்று தேவயானி என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாமா என்ற சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான், வெங்காயம் உரிக்கிற முகம்.

பவானி நன்றாகப் படிக்கிறவள். மதுரையில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாசி பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று கூட இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். பரீட்சைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் தேவயானி வீட்டில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"டீச்சர், உங்களைக் கட்டுறதுக்கு முன்னாடி சார் உங்ககிட்டக் கேட்டாகளா?"

"என்னத்தடி கேக்க?"

"சம்மதமான்னு."

தேவயானி விழுந்து விழுந்து சிரித்தாளாம். "நல்லா கேட்ட போ! மாமன் வந்து சம்மதமான்னு கேப்பாகளா? நான் தொட்டில்ல கிடக்கையிலேயே இவுகளுக்குத்தான்னு பேசி முடிச்சாச்சு."

"நல்லாத்தான இருக்கீக டீச்சர்?"

"எனக்கென்னடி குறைச்சல்? மகராசி மாதிரி இருக்கேன்."

பவானி மொச்சையை உரித்து முடித்து, தோலைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இந்தப் பேச்சைத் தேவயானி எத்தனை தடவை என்னிடம் சொல்லி அழுதிருப்பாள் என்று கணக்கில்லை. ஒரு வார்த்தை மாறாமல் சொல்வாள்.

மாசிச் சிவராத்திரிக்கு எங்கள் பக்கம் யாரும் வெளியூரில் தங்குவதில்லை. எங்கே இருந்தாலும் குலசாமி கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். விடுதி முந்தின நாளே காலியாகிவிடும். அந்த வருஷம் பவானி மட்டும் போகவில்லை. ப்ராஜெக்ட் வேலை இருக்கிறது என்றாள். அவளுக்குத் துணையாக இவர்களும் தங்கிவிட்டார்கள். சிவராத்திரியன்று காலையில் சுருளிராஜன் ஜீப்போடு வந்துவிட்டான். வாட்ச்மேன் பலவேசம் வழக்கம்போல் கேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆத்தா பவானி! மாமா வந்திருக்காக!"

தேவயானி வீட்டுப் பக்கத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். தலை குனிந்துகொண்டது. நாடி கழுத்தில் இடிக்கிற மாதிரி.

"நான் போகணுமா டீச்சர்?" என்றாள்.

தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிற படம் மாதிரியே ஒருத்தி எதிரில் நிற்கிறாள். மாமன் பெயரைக் கேட்டதும் தலை குனிகிற பெண்ணைப் பார்த்தால் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். பெற்ற தாய்க்கும் அதுதான் தோன்றும், பேராசிரியைக்கும் அதுதான் தோன்றும்.

"ஐயே, வெட்கத்தப் பாரு இவளுக்கு!" என்று நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தலைசீவி, தன் பூவில் பாதியை அறுத்து அவளுக்கு வைத்துவிட்டாள். "சாமி கும்பிடப் போற பிள்ளை வெறுந்தலையோடயா போவ?" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள். சீனிச்சாமி வாசலுக்கு வந்து, "பரீட்சை கிட்ட வந்துருச்சு. சீக்கிரம் கொண்டாந்து விட்ருங்க" என்றார்.

"ஆகட்டும் சார்" என்றான் சுருளிராஜன்.

ஜீப் முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளாம். இவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு கையாட்டியிருக்கிறார்கள்.

சிவராத்திரி முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பவானி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஒரு வாரம் போல ஆனபிறகு அவளுடைய ஊர்ப் பெண் ஒருத்தி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். குலசாமி கோயில் வாசலில் சுருளிராஜனும் பவானியும் மாலையோடு நிற்கிறார்கள். அவன் நேராகப் பார்க்கிறான். அவள் தலையைக் குனிந்திருக்கிறாள்.

அந்தப் படத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டது தேவயானி. அதுதான் நடந்தது. துறை துறையாகப் போய் எல்லாருக்கும் காட்டினாள். "கள்ளி! ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்கக்கா. அன்னைக்குத் தலையைக் குனிஞ்சப்பவே நினைச்சேன்." கம்பத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு, மூன்று பேருமாகச் சீனிச்சாமியின் காரில் போனோம்.

தகரம் வேய்ந்த சின்ன வீடு. பஞ்சம்மாள் ஓடி வந்து சேர் போட்டாள். மகளும் தம்பியும் ஒரே வீட்டில் நிம்மதியாக இருக்கலாம், சொத்தும் வெளியே போகாது, பிள்ளையும் வெளியே போகாது என்று மூச்சுவிடாமல் பேசினாள். தம்பிக்கு வயசாகிக்கொண்டே போனது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்திருக்கிறது. எங்களுக்காக உயிரக் குடுத்து உழைச்சவனுக்கு வேற எவ வந்து சோறு போடுவா என்றாள். பவானி காபி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டின கையில் ஜாக்கெட்டுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததை நான் பார்த்தேன். தேவயானி அப்போதும் பார்க்கவில்லை. "என்னடி கல்யாணப் பொண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன்.

தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று பவானி சொன்னாள்: "உங்ககிட்டத்தான கேட்டேன் டீச்சர். நீங்க சிரிச்சீக."

தேவயானிக்கு விளங்கவில்லை.

"மாசிக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தா கட்டிப்புடுவாகன்னு தெரிஞ்சுதான் வராம இருந்தேன். மாமா வந்து நின்னப்ப, போகணுமான்னு கேட்டேன்ல. பூ வச்சு அனுப்பிட்டீக."

"வெட்கப்படுறேன்னு நினைச்சேன்டி…"

"பயம் டீச்சர்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள், கதவைச் சாத்தி அடித்திருக்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும் பஞ்சம்மாள் அரளி விதையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னுபுடுவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இதையெல்லாம் பவானி யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னாள். தேவயானி கையில் சேலைப் பையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பரீட்சைக்கு வா" என்றாள் கடைசியில். "எப்படியாச்சும் வந்துரு. வந்துட்டா உன்னைய நான் திருப்பி அனுப்ப மாட்டேன். சத்தியமா அனுப்ப மாட்டேன்."

முன்வாசலில் சீனிச்சாமி பரீட்சையைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். சுருளிராஜன் தாராளமாகத் தலையாட்டினான். "எழுதட்டும் சார். படிச்ச பொண்டாட்டின்னா எனக்கும் பெருமைதான."

திரும்பி வரும்போது காரில் தேவயானி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குச்சனூர்ப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "வரட்டும். நான் கேட்டைத் திறக்க மாட்டேன்" என்றார். அந்த மனுஷன் உரக்கப் பேசியே நான் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டு எனக்குத் தைரியமாக இருந்தது.

ஏற்பாடெல்லாம் தேவயானிதான் செய்தாள். கூடப் படித்த ஒருத்தி மதுரையில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். வேலையும் தருகிறேன், தங்க இடமும் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கடைசிப் பரீட்சையன்று சாயங்காலம் அவளே கார் எடுத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. அதுவரைக்கும் பவானியை வைத்திருந்தால் போதும்.

பரீட்சைக்குச் சுருளிராஜனே ஜீப்பில் கூட்டி வந்தான். முடிகிற வரைக்கும் கல்லூரி வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்து திருப்பிக் கூட்டிப் போனான். கடைசிப் பரீட்சை மத்தியானம் முடிந்தது. பவானி பேப்பரைக் கொடுத்துவிட்டு முன்வாசலுக்குப் போகாமல், பின்பக்க வழியாக விடுதிக்குள் நுழைந்து, தேவயானி வீட்டுச் சமையலறையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "என்னைய இங்கனயே வச்சுக்கங்க டீச்சர்" என்றாள். தேவயானி கதவைத் தாழ் போட்டாள். சீனிச்சாமி வெளியே வந்து விடுதிக் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் விடைத்தாள் கட்டை ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தபோது அவர் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

சுருளிராஜன் சண்டைக்கு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "பவானியை வரச் சொல்லுங்க சார், நேரமாகுது" என்றான்.

"வர மாட்டா. அவளுக்கு இஷ்டமில்ல."

அவன் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் பஞ்சம்மாளும் சொந்தக்காரர்களும் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பஞ்சம்மாள் ரோட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். முதல்வர் வந்தார். கல்லூரிப் பெயர் கெட்டுவிடும், புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நாம் தலையிடக் கூடாது, கேட்டைத் திறங்கள் சார் என்று கெஞ்சினார். சீனிச்சாமி அசையவில்லை.

"வயசு வந்த பிள்ளை. அவளாக் கிளம்பி வந்தா அனுப்புறேன். இல்லைன்னா போலீஸ் வரட்டும், பேசிக்கிறேன். கட்டாயப்படுத்திக் கட்டுனது கல்யாணமா?"

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. மதுரைக் கார் ஆண்டிபட்டி தாண்டிவிட்டது என்று தேவயானிக்குப் போன் வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

அப்போதுதான் சுருளிராஜன் கேட்டான். குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டான்.

"டீச்சர் உங்க அக்கா மகதான சார்?"

"ஆமா."

"கட்டுறதுக்கு முன்னாடி சம்மதமான்னு டீச்சர்ட்டக் கேட்டீகளா?"

சீனிச்சாமி சாவி கிடந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"கேட்டீகளா சார்? கேட்டிருந்தா சொல்லுங்க, நான் இப்படியே போயிருறேன்."

கேட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். யார் சாட்சிக்கு வரப்போகிறார்கள்? நான் மனசுக்குள் சொல்லுங்க சார், சொல்லித் தொலைங்க சார் என்று கத்தினேன். அடித்து உதைத்துக் கட்டினவனும் நானும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதன்முதலாக அவர் தலை குனிந்து நான் பார்த்தேன்.

சமையலறை ஜன்னல் கேட்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது. உள்ளே இருந்த இரண்டு பேரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தாழ் திறக்கிற சத்தம் கேட்டது. பவானி வெளியே வந்தாள். தேவயானி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "போகாதடி, கார் வந்துரும், போகாதடி."

"விடுங்க டீச்சர்" என்றாள் பவானி. "சாராலயே பேச முடியல. இனி யாரு எனக்குப் பேசுவா?"

முதல்வர் சீனிச்சாமியின் பையிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். பவானி போய் ஜீப் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. மதுரைக் கார் வந்து சேர்ந்தபோது பலவேசம் ரோட்டில் கிடந்த செருப்பு ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

சுருளிராஜன் அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஏதோ எஸ்டேட்டுக்குப் போய்விட்டான். எந்த எஸ்டேட் என்று பஞ்சம்மாள் சொல்ல மாட்டேன் என்கிறாள். நாங்கள் இரண்டு தடவை கம்பம்மெட்டு ஏறிப் போய் விசாரித்துவிட்டுச் சும்மா திரும்பினோம். போலீஸில் மனுக் கொடுத்தோம். கட்டின புருஷனோடதான இருக்கு என்று எழுதி மூடிவிட்டார்கள். பவானி முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள். அவளுடைய சான்றிதழ் எங்கள் அலுவலக பீரோவில் இருக்கிறது, வாங்க யாரும் வரவில்லை.

பவானி போன அன்று சாயங்காலமே தேவயானி புருஷனிடம் கேட்டிருக்கிறாள். "ஏன் மாமா பேசாம நின்னீக?"

"என்னத்தச் சொல்ல? நான் கேக்கலையே" என்றார் அவர். அப்புறம், "இப்பக் கேக்கட்டா? அன்னைக்கு உனக்குச் சம்மதமா இருந்துச்சா, தேவயானி?" என்றார்.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "ஆமான்னு சொல்ல வாயெடுத்தேன்க்கா. சுவத்துல அந்தப் படம் தொங்குது. பவானி படமும் கண்ணுக்குள்ள நிக்குது. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் குனிஞ்சிருக்கோம். அவளுக்குப் பயம்னு அவளுக்குத் தெரியும். எனக்கு என்னன்னு எனக்கே தெரியலக்கா. எம்புட்டு நேரம் பாத்தாலும் சுவத்துப் படத்துல இருக்க அந்தப் பிள்ளை மூஞ்சி தெரிய மாட்டேங்குது. தெரியலைன்னு சொல்லிட்டேன்."

சீனிச்சாமி எழுந்து மோட்டார் போடப் போய்விட்டாராம். மறுநாள் காலையில் டம்ளரைக் கொண்டுபோய் வைத்தபோது அவள் வாயில் வந்தது, "சார், காபி."

வாய் தவறி வந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. அவரும் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். சண்டை ஒன்றும் இல்லை. ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள், ஒரே ஸ்கூட்டரில்தான் வகுப்புக்கு வருகிறார்கள், இன்னமும் அவர்தான் வெங்காயம் உரிக்கிறார். இப்போது யார் வந்து எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும், தேவயானி முதலில் அந்தப் பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "உனக்குப் போக இஷ்டமா?" என்று கேட்கிறாள். தலை குனிந்தால் விடுவதில்லை, முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். பெற்றவர்களுக்குக் கோபம் வருகிறது, செயலாளருக்குப் புகார் போகிறது. பலவேசமும் மாமா என்ற சொல்லை விட்டுவிட்டார். "கார்டியன் வந்திருக்காக" என்றுதான் குரல் கொடுக்கிறார்.

புத்தகம் நேற்று அச்சாகி வந்துவிட்டது. நான் எழுதினதன் கடைசியில் செயலாளர் தன் கைவரிசையாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "வீட்டிலும் ஒருவரையொருவர் 'சார்', 'டீச்சர்' என்றே மரியாதையுடன் அழைத்துக்கொள்ளும் இலட்சியத் தம்பதியர்."

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் முதலாண்டுப் பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேவயானி சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் போனாள். ஒரு துடுக்குப் பெண் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், கட்டிக்கிட்ட நாள்லருந்தே சாரை இப்படித்தான் கூப்பிடுவீகளா?"

"இல்லத்தா" என்றாள் தேவயானி. "முன்னாடி வேற மாதிரிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்." அவள் தட்டில் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.